அம்மி, அண்டா, வாஷிங் மெஷின் டிரம்: எது தோட்டத்துக்கு, எது காயலான் கடைக்கு?

பழைய வீட்டை இடிக்கும்போது, பரணை ஒழிக்கும்போது, போகி நெருங்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே வாக்குவாதம்தான். முற்றத்தில் ஆட்டுக்கல் கிடக்கிறது. பக்கத்தில் பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, காது அறுந்த வாளி, தாத்தாவின் டிரங்குப்பெட்டி, ஓடாத வாஷிங் மெஷின். ஒருவர் எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்வார். இன்னொருவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, மண்ணைப் போட்டு ஆளுக்கொரு செடி வைத்துவிட்டால் தோட்டம் பிரமாதமாக இருக்கும் என்பார். இரண்டாமவர் பேச்சைக் கேட்டு இறங்கிய வீட்டுக்கு ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பாருங்கள். துருப்பிடித்த டின்னில் பட்டுப்போன செடி இருக்கும், ஆட்டுக்கல்லில் கொசுப்புழு நெளியும்.

எல்லாப் பொருளையும் பூந்தொட்டியாகவே பார்ப்பதால் வரும் வினை இது. பழைய சாமானைத் தோட்டத்தில் மூன்று விதமாக வைக்கலாம்: மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, அல்லது எதுவும் போடாமல் சும்மா. எந்தப் பொருளுக்கு எது என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம். அதற்குச் சில கேள்விகள் போதும். உள்ளே விழும் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? சித்திரை வெயிலில் எவ்வளவு சுடும்? மொட்டைமாடிக்கு என்றால் எவ்வளவு கனக்கும்? கீரை, காய் போடுவதானால் இன்னொன்றும் உண்டு: அந்தப் பொருளிலிருந்து மண்ணுக்குள் என்ன இறங்கும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கத்தரி, தக்காளி விளைய வேண்டும், அவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வாங்குங்கள். விலை குறைவு, எடை குறைவு, துளை ஏற்கெனவே இருக்கிறது. பழைய சாமான் அதோடு போட்டி போட முடியாது. கண்ணுக்கு அழகும், பாட்டி புழங்கிய பொருள் வீட்டிலேயே இருக்கிறது என்ற நிறைவும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

கல் சாமான்கள்

அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் கருங்கல். வெயிலோ மழையோ உப்புக்காற்றோ இவற்றை ஒன்றும் செய்யாது. காயலான் கடைக்காரரும் எடுக்க மாட்டார். எடைக்குப் போக வழியில்லாததால் தோட்டத்துக்கு வருவதில் இவைதான் முதல். சிக்கல் கனம்தான். ஒரு கன அடிக் கருங்கல் சுமார் 75 கிலோ. சுமாரான ஆட்டுக்கல்லே குழவியோடு சேர்த்து இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கும் கனம் இருக்கும். ஆகவே மொட்டைமாடிக்கு இந்தப் பேச்சே வேண்டாம். தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கு மட்டும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது அம்மி. குழியில்லாத தட்டைக் கல் என்பதால் தண்ணீர் தங்காது. செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தினால் இரண்டு மூன்று சின்னத் தொட்டிகள் வைக்கும் மேடை கிடைக்கும். செடிக்கு அடியில் ஒரு பாதியைப் புதைத்துச் சாய்த்து வைத்தால் அதுவே போதுமான காட்சி. குழாயடியில் பதித்துவிட்டால் தண்ணீர் விழும் இடத்தில் மண் அரிக்காது. ஆனால் நடைபாதைக் கல்லாகப் போடும் முன் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் அம்மி மிதிப்பது வேறு, தினம் செருப்புக்காலோடு மிதிப்பது வேறு என்று நினைக்கும் வீடுகள் நிறைய. உரல்மேல் உட்காரக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களிடம் போய் உரலை ஸ்டூலாக மாற்றலாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆட்டுக்கல்லை எல்லோரும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து முங்கிக் குளிப்பதைப் பார்த்தவர்கள் அதை எடுக்க மனம் வராமல் விட்டுவிடுவார்கள். ஆனால் இரண்டு தொல்லைகள். குழி ஆழம், பக்கங்கள் வழவழப்பு. சின்னப் பறவைக்குக் கால் ஊன்ற இடமில்லை. இதற்குக் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்துவிடலாம், இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் போதும். இரண்டாவதுதான் பெரிய தொல்லை. வாளியாக இருந்தால் கவிழ்த்துவிடலாம், ஆட்டுக்கல்லை யார் கவிழ்ப்பது? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படி வீட்டோரம் தேங்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் போதாது, நார் போட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இதைச் செய்யும் ஆள் வீட்டில் உண்டா? உண்டென்றால் ஆட்டுக்கல்லில் தண்ணீர் வையுங்கள். இல்லையென்றால் அகலமான மண்சட்டி ஒன்றை அதன்மேல் வைத்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள். கவிழ்க்கச் சட்டி, அழகுக்குக் கல்.

மண் போடலாமா என்றால், அடியில் துளை போட முடிந்தால் போடலாம். அம்மி கொத்துபவர்கள் முன்போல் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவதில்லை. கிரானைட் கடையில் துளையிடும் பிட் வைத்திருப்பார்கள், அங்கே செய்து தருவார்கள். துளை போடாமல் மண் போட்ட உரலில் ஐப்பசி மழை ஒன்றே போதும், வேர் அழுகிவிடும். துளை போட மனமில்லாதவர்கள் உரலைக் கவிழ்த்து வைத்துத் துளசித்தொட்டிக்குப் பீடமாக்கலாம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

பித்தளையும் தாமிரமும்

அண்டா, தவலை, குடம், வெந்நீர் பாய்லர். படங்களில் பித்தளை அண்டாவில் அல்லி மிதக்கும், கப்பி மீன் ஓடும். அந்தப் படம் எடுத்த அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று யாரும் காட்டுவதில்லை. தாமிரம் தண்ணீரில் கரைந்தால் மீனுக்கும் நத்தைக்கும் விஷம். பித்தளை என்பதே தாமிரமும் துத்தநாகமும் கலந்ததுதான். ஈயம் பூசிய பழைய பாத்திரத்தில் பூச்சு தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நேரடியாக மண் போட்டாலும், அது புளிப்பான மண்ணாக இருந்தால் தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வேரைப் பாதிக்கும். உள்ளே களிம்பு ஏறும். விலைமதிப்புள்ள பாத்திரத்தில் ஆணியடித்துத் துளை போட்டால் பிறகு விற்கும்போதும் அடிமாட்டு விலைதான்.

அதனால் பித்தளைக்கு நான் சொல்வது, உள்ளே எதையும் நேரடியாகப் போடாதீர்கள். நர்சரியிலிருந்து வரும் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே உள்ளே இறக்குங்கள், அடியில் ஒரு செங்கல். வழிந்த தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். வைக்கும் இடம் தாழ்வாரம் அல்லது கூரைக்கடியில். மணி பிளான்ட், மருள், குரோட்டன்ஸ் இவற்றுக்குப் பித்தளை மஞ்சள் எடுத்துக்கொடுக்கும். வாசலுக்கு வெளியே, காம்பவுண்டு ஓரமாக வைப்பதை மறந்துவிடுங்கள். காலையில் செடி மட்டும் இருக்கும், அண்டா இருக்காது.

வெந்நீர் பாய்லர் வேறு கதை. நடுவில் புகைபோக்கிக் குழாய் போவதால் அதில் மண்ணும் சரியாக நிற்காது, தொட்டியும் இறங்காது. இது சும்மா நிற்க வேண்டிய சாமான். திண்ணையின் ஒரு மூலையில், பின்னால் உயரமான ஒரு செடியோடு நின்றாலே கம்பீரமாக இருக்கும். அந்த மூலை உங்கள் வீட்டில் இல்லையென்றால் விற்றுவிடலாம்.

இரும்பும் எவர்சில்வரும்

தகர எண்ணெய் டின், டிரங்குப்பெட்டி, ஜி.ஐ. வாளி எல்லாம் ஒரே ரகம். வெயிலில் கொதிக்கும், மழையில் துருவேறும். ஜி.ஐ. வாளியில் துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை தாங்கும், துளை போட்ட இடத்திலிருந்துதான் துரு கிளம்பும். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் தகர டின்னை ஒரு பருவத்துக்கான பொருளாக மட்டும் நினைக்கலாம். மற்ற ஊரில் ரெட் ஆக்சைடு அடித்து, உள்ளே சாக்கு விரித்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் வைத்தால் சில வருடம் ஓடும். டேபிள் ரோஸ், கற்றாழை போன்ற சூடு தாங்கும் செடிகளுக்குச் சரி. புதினா வைத்தால் வாடிவிடும்.

டிரங்குப்பெட்டியில் செடி வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூடியோடு முழுதாக இருந்தால் தோட்டச் சாமான் போட்டுவைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாது. மண்வெட்டி, கத்தரிக்கோல், விதைப் பொட்டலம் எல்லாம் அதில் போகட்டும்.

தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் காலைப் பார்த்தால் மட்டும் தயங்காதீர்கள். வார்ப்பிரும்பு மெல்லிய தகரம்போல் ஓட்டை விழாது. மேலே ஒரு கடப்பா கல்லைப் போட்டால் தோட்டத்து மேஜை தயார். பெடலும் சக்கரமும் அப்படியே இருக்கட்டும், குழந்தைகள் மிதிக்கும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பழைய வீட்டுப் பொருளில் செடிக்கு மிகவும் ஏற்றது எது என்று கேட்டால், யாரும் படம் எடுத்துப் போடாத வாஷிங் மெஷின் டிரம்தான். துருப்பிடிக்காத எஃகு. சுற்றிலும் நூற்றுக்கணக்கான துளைகள், தண்ணீரும் நிற்காது, வேருக்குக் காற்றும் கிடைக்கும். கையால் தூக்கிவிடலாம். துளை வழியாக மண் கொட்டாமலிருக்க உள்ளே தேங்காய் நார் அல்லது சணல் சாக்கு விரித்தால் போதும், அதுவே உலோகச் சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். எலுமிச்சை, செம்பருத்தி, கறிவேப்பிலை போன்ற நிலைத்து நிற்கும் செடிகளுக்கு இந்த அளவு சரி. மேலே துணி போடும் வகை மெஷினாக இருந்தால் டிரம்மின் வாயைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். ஆட்டம் குறைவதற்காக அதற்குள் உப்புநீர் அடைத்திருப்பது உண்டு, விரிசல் விட்டால் மண் கெட்டுப்போகும். பிரிக்க மெக்கானிக்கையே கூப்பிடுங்கள், டிரம்மை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடமே கொடுத்துவிடலாம்.

அடுத்த இடம் சமையலறை மாற்றும்போது கழற்றிப்போடும் எவர்சில்வர் சிங்க். துளை ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் ஒரு துண்டு வலை போட்டால் போதும். ஆழம் குறைவென்பதால் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கச்சிதம். வெள்ளை வாஷ்பேசினும் இதே வேலையைச் செய்யும், சூடும் குறைவு. துளையை அடைத்தால் சின்ன அல்லிக்கும் ஆகும், அப்போது கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடாமல் இருக்காதீர்கள். ஆனால் வாசலில் வாஷ்பேசின் நிற்பதைப் பார்த்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம், சுற்றிச் செடி அடர்ந்து மறைக்கும் இடமாகப் பாருங்கள்.

குக்கர், வடைச்சட்டி போன்ற அலுமினியச் சாமான்கள் துருப்பிடிக்காது, துளை போடுவதும் எளிது. தாராளமாக வைக்கலாம், அழகு என்று பெரிதாகச் சொல்ல முடியாது.

மண், பீங்கான், பிளாஸ்டிக், மரம்

தண்ணீர் குளிராத பழைய மண்பானையை உடைத்துப் போடுவதுதான் வழக்கம். அதைவிட நல்ல உபயோகம் உண்டு. செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் பானைச் சுவரில் கசியும் ஈரத்தை வேர்கள் குடித்துக்கொள்ளும். நாலு நாள் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. குளிராத பானை என்றால் போர்வெல் தண்ணீரின் உப்பு ஏறித் துளைகள் அடைத்திருக்கும். தேங்காய் நாரால் வெளியே நன்றாகத் தேய்த்துக் காயவைத்த பிறகு, ஒரு இரவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் வெளிப்புறம் ஈரம் தெரிந்தால் புதைக்கலாம். மூடி கட்டாயம், இல்லையென்றால் மறுபடி கொசுக் கதைதான்.

ஊறுகாய் ஜாடி அழகானது, ஆனால் செடிக்கு லாயக்கில்லை. துளை கிடையாது, போடுவதும் ஆபத்து. வருடக்கணக்கில் உப்பு ஊறிய ஜாடியில் என்ன செடி வரும்? சும்மா நிறுத்துங்கள், அல்லது வாய் அகலமாக இருந்தால் உள்தொட்டி இறக்குங்கள். விரிசலில்லாத பழைய ஜாடி, எனாமல் பாத்திரம், தூண், கதவு இவையெல்லாம் தோட்டத்தில் நனைவதைவிட விற்கத் தகுந்தவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இவற்றை வாங்கி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எடைக்கடையில் கொடுப்பதற்கும் அங்கே விசாரிப்பதற்கும் விலையில் வித்தியாசம் இருக்கும்.

பிளாஸ்டிக்கில் இருபது லிட்டர் எமல்ஷன் பெயின்ட் பக்கெட் ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிகிறது. நன்றாகக் கழுவி, அடியில் துளை போட்டால் கத்தரி, மிளகாய் எல்லாம் வரும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனாமல், தின்னர், பூச்சிமருந்து வந்த டப்பாக்கள் எந்தச் செடிக்கும் கூடாது. டயரை வெட்டி அன்னமாக்கி நீலமும் மஞ்சளும் அடிக்கும் கலை பள்ளிக்கூட வாசல்களோடு நின்றுவிடட்டும். அந்த வளைவுக்குள் தேங்கும் தண்ணீரை எப்படிச் சாய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது. டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப்பார்ப்பதும் டயரைத்தான்.

மரத்தில் தேக்கு என்றால் வைக்கலாம். மற்றவை கறையானுக்கு விருந்து. ஏணி, நாற்காலி எதுவானாலும் கால் மண்ணில் படாமல் ஓட்டுத்துண்டின்மேல் நிற்க வேண்டும். பழைய கதவு, ஜன்னலில் பெயின்ட் இருந்தால் கவனம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி குழந்தைகள் மூக்குக்கும் போகும், கீரைப் பாத்திக்கும் போகும். தேய்க்காமல் மேலேயே புதிதாக அடித்து, காய்கறிப் பக்கம் போகாமல் கொடி படர விடுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே வரக் கூடாதவை: ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, பழைய டிவியின் படக்குழாய், டியூப்லைட், பேட்டரி. டியூப்லைட்டை வரிசையாகப் புதைத்துப் பாத்திக்கு வரப்புக் கட்டுபவர்களுக்கு உள்ளே பாதரசம் இருப்பது தெரியாது போலிருக்கிறது.

மாடியா, தரையா?

ஆட்கள் புழங்கும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்று கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 கணக்கு வைக்கிறது. இருநூறு லிட்டர் டிரம்மை நீளவாக்கில் வெட்டிச் செம்மண் நிரப்பி நனைத்தால், அந்தப் பாதி டிரம் மட்டுமே 150 கிலோவைத் தாண்டும். அது உட்கார்வதோ அரைச் சதுர மீட்டரில். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் அதிகம் சேர்த்தால் எடை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போதும் சுவருக்கும் பீமுக்கும் மேலே வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். மாடிக்கு எவர்சில்வர் டிரம், சிங்க், குக்கர், பெயின்ட் பக்கெட். தரைக்குக் கல், பானை, வார்ப்பிரும்பு. பால்கனி மட்டும் உள்ளவர்கள் ஒரே ஒரு பித்தளைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அழகு விஷயத்தில் ஒரு வார்த்தை. சண்டிகரில் நெக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957இல் காட்டுநிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், பீங்கான், மின்பொருத்துகளைக் கொண்டு தோட்டம் கட்டத் தொடங்கினார். 1975இல் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள், மறு வருடமே அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ராக் கார்டன் என்று உலகமே வந்து பார்க்கிறது. அது குப்பைமேடாகத் தெரியாததற்குக் காரணம், ஒரே பொருளை நிறையச் சேர்த்து ஒரே இடத்தில் அடுக்கியதுதான். வீட்டுத் தோட்டத்திலும் இது பலிக்கும். ஒரு குக்கர், ஒரு ஜாடி, ஒரு ஷூ, ஒரு டீ கெட்டில் என்று ஆளுக்கொன்றாக நிறுத்தினால் காயலான் கடை வாசலாகத்தான் இருக்கும். ஆறு எண்ணெய் டின்னை ஒரே நிறத்தில் அடித்து வரிசையாக வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். கல்லுக்கும் பித்தளைக்கும் மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள்.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், துளை போட்டதும் பெயின்ட் அடித்ததும் காய அவகாசம் கிடைக்கும். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். மீதமாகும் உலோகத்தை எடைக்குப் போடும்போது தாமிரம், பித்தளை, எவர்சில்வர், இரும்பு என்று நீங்களே பிரித்துக்கொண்டு போங்கள். கலந்து கொட்டினால் எல்லாவற்றையும் மட்டமானதன் விலைக்குத்தான் எடுப்பார்கள். தாமிரத்துக்கும் பித்தளைக்கும் உள்ள விலை வித்தியாசத்திலேயே ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கிவிடலாம்.